சேவலைச் சுட்டதாலா வான்கோழி குறைந்தது?

வான்கோழியை முற்றத்துப் பறவையாகவே நாம் அறிவோம். நத்தாரை எண்ணி வளர்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். சேவல் ஆளைக் கண்டால் செட்டையைச் சிலிர்த்துக்கொண்டு வரும். குஞ்சுகளோ ஒரு மழையில் நனைந்தாலே ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழும். இந்த வீட்டு வான்கோழி மெக்சிக்கோவில் பழக்கப்பட்ட இனத்தின் வழிவந்தது. அதன் காட்டு உறவுகள் இன்றும் வட அமெரிக்கக் காடுகளில் வாழ்கின்றன. உடல் மெலிந்தவை, நன்றாகப் பறப்பவை, இரவில் உயர்ந்த மரங்களில் தங்குபவை. ஒருமுறை அழிவின் விளிம்புவரை போய் மீண்ட அப்பறவை, இப்போது ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் மறுபடியும் குறைந்து வருகின்றது. வேட்டையால்தான் குறைகின்றது என்று எவரும் எளிதில் சொல்லிவிடலாம். விடயம் அவ்வளவு எளிதல்ல.

முதல் அழிவுக்குக் காரணம் வெளிப்படையானது. 19ஆம் நூற்றாண்டில் காடுகள் வெட்டப்பட்டன. சந்தையில் விற்பதற்காக ஆண், பெண், குஞ்சு என்ற பேதமின்றிப் பறவைகள் சுடப்பட்டன. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடந்து விற்பதை 1900இல் ஒரு சட்டம் தடுத்தது. ஆனாலும் மிசூரி மாநிலத்தில் நிலைமை மோசமாகி, 1937இல் வான்கோழி வேட்டை முற்றாக மூடப்பட்டது.

அங்கே முதலில் செய்த பரிகாரம், பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விடுவது. 1943வரை ஏறத்தாழ 14,000 பறவைகள் விடப்பட்டன. பலன் இல்லை. தாயின் பின்னால் நடந்து இரை தேடவும், பருந்தின் நிழலைக் கண்டு பதுங்கவும் அவை பழகியிருக்கவில்லை. (நிவாரணமாகக் கிடைத்த கலப்பினக் கோழிகள் ஒரு மாரிக்குள் முடிந்துபோனதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாயிராது.) 1954இல் வழியை மாற்றினார்கள். சோளம் தூவி, எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளை வலையில் பிடித்து, பறவையற்ற வேறு காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பிழைத்தன, பெருகின. 1960இல் மூன்றே நாட்கள் வேட்டை திறக்கப்பட்டபோது 94 பறவைகள் சுடப்பட்டன. 2004இல் ஒரே வசந்தகாலத்தில் 60,000க்கு மேல். இந்த வேலைகளுக்குப் பெரும்பங்கு பணம் கொடுத்தவர்களும் வேட்டைக்காரரே. துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கும் சட்டம் 1937இல் வந்தது. அனுமதிப்பத்திரக் கட்டணமும் அதனுடன் சேர்ந்தது.

வசந்தகால வேட்டை எப்படி நடக்கின்றது? பனிக்காலம் முடிந்து மரங்கள் துளிர்க்கும் பங்குனி, சித்திரை, வைகாசியில் சேவல்கள் விடியுமுன்னரே மரத்திலிருந்து கத்தி பேடுகளை அழைக்கும். வேட்டைக்காரர் மரத்தடியில் அசையாமல் இருந்து, சிறு மரப்பெட்டியை உரசிப் பேட்டின் குரலை எழுப்புவார். சேவல் தேடி வரும். சுட அனுமதி சேவலுக்கே. ஒரு சேவல் பல பேடுகளுடன் சேருமாதலால், சில சேவல்கள் குறைந்தாலும் முட்டைக்குக் குறைவில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் கணக்கு. பல ஆண்டுகள் அக்கணக்குச் சரியாகவே வந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதும் எழுபது இலட்சம் அளவில் இருந்த பறவைகள் பின்னர் குறையத் தொடங்கின. தென்கிழக்கு மாநிலங்களில் இக்குறைவு கூடுதலாகத் தெரிந்தது. அப்போது சில ஆய்வாளர்கள் ஒரு சந்தேகத்தை எழுப்பினர்: பேடுகள் சேருமுன்னரே பலமான சேவல்களைச் சுட்டுவிடுகிறோமோ? 2022இல் ஜோர்ஜியா பருவத்தைப் பிந்தித் திறந்து, ஒருவர் சுடக்கூடிய மூன்று பறவைகளை இரண்டாக்கியது. 2023இல் டென்னசி இரண்டு வாரம் பிந்தித் திறந்தது. ஆனால் அதே டென்னசியின் சில மாவட்டங்களில் முன்னரே பருவத்தைப் பிந்தவைத்து, பேடுகளுக்கு வானொலிக் கருவி பூட்டிப் பின்தொடர்ந்த ஆய்வில், அடைவைப்பிலோ குஞ்சு பிழைப்பதிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. அதனால் சுடும் தொகைக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்றாகாது. பறவை குறைந்த இடத்தில் குறைவாகச் சுடுவதே நியாயம் என்று நாம் கருதுகிறோம். ஆனால் திகதியை மாற்றுவது மட்டும் குஞ்சைக் காப்பாற்றவில்லை.

குஞ்சு எங்கே சாகின்றது? பேடு நிலத்தில், புல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 28 நாள் அளவில் அடைகாக்கும். எமது காட்டுக்கோழியைப் போலவே ஆபத்து நிறைந்த இடம். இங்கே உடும்பும் கீரியும் செய்வதை அங்கே ரக்கூன், பாம்பு, காகம் செய்கின்றன. தோல் விலை 1980களின் பின் விழுந்ததால், ரக்கூனைப் பொறிவைத்துப் பிடிப்பவர்களும் குறைந்துவிட்டனர். தென்கிழக்கில் பெரும்பாலான அடைகள் பொரிக்காமலே போகின்றன. பொரித்தாலும் குஞ்சு முதல் இரண்டு வாரமளவும் மரமேற முடியாமல் தாயின் சிறகின் கீழ் நிலத்திலேயே இரவைக் கழிக்கும். அந்த நாட்களில் அதன் உணவு பெரும்பாலும் பூச்சி. ஆகவே, பூச்சி நிறைந்ததும், தலைக்கு மேல் மறைப்புள்ளதும், அடியில் குஞ்சு ஓடக்கூடியவாறு ஐதானதுமான புல்வெளி வேண்டும். அடர்ந்த பைன் தோட்டத்தில் அடியில் புல் முளைப்பதில்லை. மாட்டுக்கென்று விதைத்த ஒரேவகைப் புல்லோ பாய்போல் நெருங்கிக் குஞ்சின் வழியை அடைத்துவிடும். காலைப் பனியில் உடலும் நனையும். ஓரம்வரை உழுது களைநாசினி தெளித்த வயலில் பூச்சியும் இல்லை, மறைப்பும் இல்லை.

ஆகவே காணிச் சொந்தக்காரருக்கு அங்கே சொல்லப்படுவது இதுதான்: பைன் மரங்களை ஐதாக்கி வெயிலை உள்ளே விடுங்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுடன் நிலத்தீ வைத்துப் பற்றையைத் தாழ்த்துங்கள், வயலோரத்தில் ஒரு கீற்றை உழாமல் விடுங்கள். வைக்கோலுக்கான புல்லை வைகாசி, ஆனியில் வெட்டாமல் பிந்தி வெட்டும்படியும் கேட்கின்றனர். கடைசிக் கோரிக்கைதான் கமக்காரருக்குக் கடினமானது. பிந்தினால் புல் முற்றிச் சத்துக் குறையும். ஆனால் அடைகாக்கும் பேடு, வெட்டும் யந்திரம் மிகக் கிட்ட வரும்வரை எழும்பாது.