பாட்டியின் காலில் இரண்டு உலோகங்கள்

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. கடந்த ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் தாதி வெள்ளிக் கொலுசைக் கழற்றச் சொன்னார். உள்ளே வைக்கப்போவது டைட்டானியக் கம்பி என்றதும் பாட்டி என்னிடம் கேட்டார்: "ஏம்பா, வெள்ளியிலேயே வைக்கக் கூடாதா?"

பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு தேடிப் படித்தேன்.

ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியின் எடை 10.5 கிராம், டைட்டானியக் கலவை 4.4 கிராம்தான். நகை வெள்ளியில் 7.5 விழுக்காடு செம்பு சேர்த்தாலும் அது எளிதில் வளையும். 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியமோ உடல் எடையைத் தாங்கும். வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும். டைட்டானியத்தின் மேல் தானே உருவாகும் ஆக்சைடு படலம் அதை அரிப்பிலிருந்து காக்கும். எலும்பும் அதனோடு ஒட்டி வளரும்.

அப்படியானால் வெள்ளி மட்டமா? இல்லை, மாணவர்களே. வெள்ளி 962 பாகை செல்சியஸில் உருகும். அதனால்தான் மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸுக்குப் பெயர் தந்த பொற்கொல்லர்களால் ஊதுகுழல் தீயிலேயே நகை செய்ய முடிந்தது. டைட்டானியத்துக்கு 1,668 பாகை வேண்டும், காற்றும் படக்கூடாது.

எல்லாவற்றையும் பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கொலுசை எடு" என்று காலை நீட்டினார்.