புள்ளி வைத்த மரபணுக்கள்

'க' என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது 'க்' ஆகிறது. எழுத்து மாறவில்லை, அதன் ஒலி மட்டும் அடங்கிவிடுகிறது. நம் உடலின் உயிரணுக்களும் இத்தகைய 'புள்ளி' ஒன்றைக் கையாளுகின்றன. அதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் உறுப்பு பெருங்குடல்.

பெருங்குடல் ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளமுள்ள குழாய். வயிற்றின் வலப்புறத்தில் மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறத்தில் கீழிறங்கி மலக்குடலில் முடிகிறது. பார்வைக்கு ஒன்றாயினும் பிறப்பால் இது இரண்டு. வலப்பகுதியும், குறுக்குப் பகுதியின் பெரும்பங்கும் கருவின் நடுக்குடலிலிருந்து தோன்றுகின்றன. எஞ்சியது பின்குடலிலிருந்து தோன்றுகிறது. இவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளும் வெவ்வேறு.

இரு பகுதிகளிலும் உள்ள டி.என்.ஏ. ஒன்றே. ஆனால் அது இயங்கும் விதம் ஒன்றல்ல. எடுத்துக்காட்டாக, ஹாக்ஸ்-பி13 என்னும் மரபணு பெருங்குடலின் இறுதிப் பகுதியில் இயங்குகிறது. வலப்பகுதியில் அடங்கிக் கிடக்கிறது. எழுத்து ஒன்றாயிருக்க, வாசிப்பு மட்டும் வேறுபடுவது எப்படி?

இங்குதான் புள்ளி வருகிறது. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது மெதைல் தொகுதி. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினின் மீது இது ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இவ்வாறு நிறையப் புள்ளிகள் அமைந்தால், அந்த மரபணு பெரும்பாலும் ஊமையாகிவிடுகிறது. எழுத்தை மாற்றாமல் இயக்கத்தை மட்டும் மாற்றும் இத்தகைய ஏற்பாடுகளை ஆராயும் துறையே எபிஜெனிடிக்ஸ். இச்சொல்லை 1942இல் வழங்கியவர் ஆங்கிலேய உயிரியலார் வாடிங்டன். பெருங்குடலின் வலப்புறத்திலும் இடப்புறத்திலும் புள்ளிகள் அமைந்துள்ள இடங்கள் வேறுபடுகின்றன.

குடலின் உட்பூச்சு உயிரணுக்கள் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்துக்கு வருகின்றன. அப்படியிருந்தும் 'நான் வலப்புறத்தவன்' என்ற நினைவு அழிவதில்லை. டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிந்து புதிய இழைகள் உருவாகும்போது, பழைய இழையில் புள்ளி உண்டு, புதியதில் இராது. ஒரு நொதி பழைய இழையைப் பார்த்து, புதியதிலும் அதே இடத்தில் புள்ளி வைக்கிறது. நினைவு இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது.

நன்மைக்கான இந்த ஏற்பாடு தவறவும் கூடும். வயது ஏற ஏற, வைக்கக்கூடாத இடங்களிலும் புள்ளிகள் சேர்கின்றன. எம்.எல்.எச்.1 என்னும் மரபணு, டி.என்.ஏ. பிரதியெடுக்கப்படும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் பணியில் பங்கு கொள்வது. புள்ளிகள் இதனை ஊமையாக்கினால் பிழைகள் திருத்தப்படாமல் குவியும். புற்றுநோய்க்கு வழி பிறக்கும். இவ்வகைப் புற்றுநோய் பெரும்பாலும் வலப்புறத்திலேயே தோன்றுகிறது.

இது தெரிந்திருப்பதால் நமக்கு என்ன பயன்? இடப்புறக் கட்டி, குறுகிய குழாயில் கெட்டியான மலத்தைத் தடுத்து, மலச்சிக்கலாகவோ கண்ணுக்குத் தெரியும் இரத்தமாகவோ தன்னைக் காட்டிக்கொள்ளும். வலப்புறத்தில் குழாய் அகலம், உள்ளிருப்பது திரவம். அங்குள்ள கட்டி ஓசையின்றி வளரும். சிறுகச் சிறுகக் கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியாது; சோகையும் களைப்பும் மட்டுமே தெரியும். ஆகவே முதியவர்களுக்குக் காரணமின்றிச் சோகை கண்டால், இரும்புச்சத்து மாத்திரையோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

புள்ளிகளே நோயைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றன. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு சோதனை, மலத்துடன் வெளியேறும் உயிரணுக்களின் டி.என்.ஏ.யில், இரண்டு மரபணுக்களின் மீது தவறாக அமைந்த புள்ளிகளைத் தேடுகிறது. எழுத்துப் பிழைகளையும் இரத்தக் கசிவையும் உடன் பார்க்கிறது. ஐயம் எழுந்தால், குழாய்க் கருவியைச் செலுத்திக் குடலை நேரில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

எழுத்தையே மாற்றிவிட்ட பிழையைத் திருத்துவது கடினம். புள்ளியோ மேலே ஒட்டியிருப்பது, அகற்றக்கூடியது. சில இரத்த நோய்களுக்கு, புள்ளிகளைக் குறைக்கும் மருந்துகள் இப்போதே பயனில் உள்ளன. ஆனால் அவை வேண்டிய புள்ளி, வேண்டாத புள்ளி என்று பிரித்தறிவதில்லை. வேண்டாததை மட்டும் தேடி அழிக்கும் கருவியைக் காண்பதே ஆய்வாளர்முன் உள்ள பணி.