பூச்சிக்காக வந்த கள்ளி

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகிற ரயில், சித்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாகாலா சந்திப்பில் நிற்கும். தர்மாவரம் பாதை பிரிவது இங்கேதான். சுற்றிலும் பாறைக் குன்றுகள், வானம் பார்த்த கொல்லைகள். இந்த மாதிரிச் சீமையில் வேலியோரம் படர்கிற முள்செடிக்குத் தெலுங்குக்காரர் வைத்த பெயர் நாகஜெமுடு. நமக்குச் சப்பாத்திக்கள்ளி. மஞ்சளாய்ப் பூத்து, கருஞ்சிவப்பாய்ப் பழுக்கும்.

அந்தப் பழத்தைத் தின்னலாமா? தாராளமாக. ஆனால் கள்ளி என்று பெயர் வாங்கிய எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பம்; ஒடித்தால் பால் வடியும், அது நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது.

நீள முள்ளுக்குப் பயப்பட வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியும். பழத்தின் மேல் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் சுணைதான் பொல்லாதது. விரலிலும் நாக்கிலும் ஏறினால் லேசில் வராது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் குச்சியால் குத்திப் பறித்து, மண்ணில் புரட்டித் தேய்ப்பார்கள், அல்லது தணலில் வாட்டுவார்கள். தோலை உரித்து, உள்ளேயிருக்கும் ‘நட்சத்திர முள்’ளையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். விதை கல் மாதிரி, துப்பிவிடுவது நல்லது. உதடு சிவக்கும். பீட்ரூட் சாப்பிட்டாற்போலச் சிறுநீரும் சிவக்கலாம்.

இவ்வளவு ருசி இருந்தும், அமெரிக்கக் கண்டத்துச் செடியை வெள்ளைக்காரன் இங்கே நட்டது பழத்துக்காக அல்ல. கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் அன்று ஸ்பெயினின் ஏகபோகம். அதை உடைக்க, கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்ததோ மட்டமான வகை. சாயம் தேறவில்லை, ஒரு கள்ளி இனத்தைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம்.

அதற்குள் இன்னொரு இனம் தென்னிந்தியா முழுக்க மேய்ச்சலையும் கொல்லையையும் அடைத்துக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியை வரவழைத்து விட்டார்கள். சில ஆண்டுகளில் பல்லாயிரம் ஏக்கர் கள்ளி காய்ந்து விழுந்தது. இன்று வேலிகளில் நிற்பது அதில் தப்பியவற்றின் வம்சம்.

மெக்சிகோவில் இந்தக் குடும்பத்துப் பழம் சந்தைச் சரக்கு. இளம் மடல் கறிக்கு ஆகிறது. இங்கே ஜான்சியிலுள்ள புல்வெளி, தீவன ஆய்வு நிறுவனம் முள்ளில்லாக் கள்ளியை வளர்த்துப் பார்க்கிறது. அங்கேயும் முதல் பந்தி மாட்டுக்குத்தான்.