இருமலுக்குக் காது கொடுத்தவர்கள்

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெருமையை எதை வைத்து அளப்பது? எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன, பிற அறிஞர்கள் அவற்றை எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். டிப்ளமோ படித்து ரயில்வேயில் உழைத்த எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. வரைபடம் எத்தனை போட்டாலும், பாலத்தின் மேல் வண்டி ஓட வேண்டும்.

அந்தக் கணக்கில் தேறிய நிலையம் ஒன்று நம் பெங்களூரிலேயே, பெல்லாரி சாலையில் உள்ளது. 1960ல் பிரதமர் நேரு திறந்து வைத்த தேசியக் காசநோய் நிலையம் அது.

அதற்கு வழி வகுத்தது சென்னை. சயரோகம் என்றால் சானடோரியம்தான் என்றிருந்த காலத்தில், 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும், மறு பிரிவுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்து. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு. ஆனாலும் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். 5 ஆண்டுகள் கவனித்ததில், குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. 1959ல் முதலில் வெளியான அம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

சரி, நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? பெங்களூர் நிலையத்தின் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் விசாரித்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள்! அவர்களில் பலரிடம் இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாமரருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு அதோடு பொய்யானது. சாதாரண ஆஸ்பத்திரியிலேயே சளிப் பரிசோதனை, வீட்டிலேயே சிகிச்சை என்ற தேசியத் திட்டம் 1962ல் இந்நிலையத்தின் ஆய்வுகளிலிருந்து உருவானது.

இவ்வளவும் நடந்த ஊரில், எங்கள் ஒக்கலிபுரத்தில், பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்று இருமலை மறைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அன்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் 2024 நவம்பர் முதல் தருகிறார்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதும். நடுவில் ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாதி கட்டிய பாலத்தில் வண்டி போகாது.