ஊர்ப்பெயர் தாங்கிய குடிவழிகள்

பூ. ச. குமாரசுவாமி ராஜா 1898-இல் இராசபாளையத்தில் பிறந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை ஆட்சிக்குத் தலைமை தாங்கிப் பின்னர் ஒரிசாவின் ஆளுநராக விளங்கியவர். அவர் பெயரின் முன்னின்ற எழுத்துகள் இரண்டனுள் 'ச' என்பது தந்தையார் சஞ்சீவி ராஜாவைக் குறிக்கும். 'பூ' என்பதோ எம்மனிதரையும் குறிப்பதன்று. பூசப்பாடி என்னும் வீட்டுப்பெயரின் முதலெழுத்து அது. தமிழ் வழக்கிலேயே பழகிய மாணவர் ஒருவர் இதனைப் பாட்டனார் பெயரெனக் கொண்டு குடிவழி வரைவாராயின், உலகில் இல்லாத பாட்டனார் ஒருவரைப் படைத்தவராவர்.

தெலுங்கர் தம் பெயர்க்கு முன்னர் வைக்கும் வீட்டுப்பெயர் பெரும்பாலும் முன்னோர் வாழ்ந்த ஊரின் பெயராகும். பாடு என முடியும் ஊர்ப்பெயர் தெலுங்கில் வேற்றுமை ஏற்கும்போது பாடி எனத் திரியும். தமிழில் நாடு நாட்டு எனவும், வீடு வீட்டு எனவும் திரிதலை இதனோடு ஒப்பிடுக. ஆகவே பூசபாடு என்னும் ஊரினர் பூசபாடியார் ஆயினர்; அதுவே தமிழர் நாவில் பூசப்பாடி ஆயிற்று. அவ்வூர் கிருட்டிணையாற்றுப் பகுதியினது என்பது வழிவழி வரும் செய்தி. விசயநகரப் பேரரசின் காலத்தும் அதன்பின் மதுரை நாயக்கர் காலத்தும் படையொடு தெற்கே வந்து குடியேறியவராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் இராசபாளையத்து ராஜாக்கள், தாம் விட்டுவந்த ஊரை ஓரெழுத்தாகச் சுருக்கி இன்றும் தம் பெயரின் முன் வைத்துள்ளனர். செப்பேடும் கல்வெட்டும் இல்லாத குடும்பத்திற்கும் இவ்வெழுத்து ஒன்று எஞ்சி நிற்கின்றது.

எனினும் இதனைக்கொண்டு விரைந்து முடிவு கட்டலாகாது. வட ஆந்திரத்து விசயநகரம் சமத்தானத்தாரும் பூசப்பாடி என்னும் வீட்டுப்பெயரினரே. பெயர் ஒன்றாதலின் குருதியும் ஒன்று எனல் பொருந்தாது. ஓரூரினின்று பிரிந்த பல குடிகளும் அவ்வூர்ப்பெயரைத் தாங்குதல் கூடும். துங்கபத்திரைக் கரையிலிருந்த பேரரசின் தலைநகரையும் இச்சமத்தானத்தையும் பெயரொப்புமையால் ஒன்றெனக் கொண்டு மயங்குவாரும் உளர்.

ஊர்ப்பெயர் எப்போதும் பிறப்பிடத்தையே காட்டுமோ எனின், காட்டாது என்பதற்கு அடுத்த ஊராகிய திருவில்லிபுத்தூரே சான்று. பாரதம் பாடிய வில்லிபுத்தூராரை அவ்வூரினர் எனக் கருதுவோர் இன்றும் பலர். அவர் பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். தந்தையார் வீரராகவாச்சாரியார் பெரியாழ்வாரிடத்துக் கொண்ட பத்தியினால் அவ்வாழ்வாரின் பெயரைத் தம் மகனுக்கு இட்டார். ஆழ்வாரின் பெயரோடு ஊரின் பெயரும் உடன்வந்தது. நூலாசிரியரின் மகனார் வரந்தருவார் சிறப்புப்பாயிரம் பாடி வைத்திராவிடின், வில்லிபுத்தூர்த் தெருக்களில் அவர் வீட்டைத் தேடும் ஆராய்ச்சிகள் பல எழுந்திருக்கும். பூசப்பாடியும் ஊர்ப்பெயரே, வில்லிபுத்தூரும் ஊர்ப்பெயரே. முன்னது வந்த வழியைக் காட்டுகின்றது. பின்னது வணங்கிய திசையைக் காட்டுகின்றது. இரண்டனுள் எது எனத் துணிதற்குப் பெயருக்குப் புறம்பான சான்று ஒன்று வேண்டும்.

இனி, குடிவழி படைத்துக்கொள்ளப்படும் இடங்களைக் காண்போம். வில்லி, கண்டன் என்னும் வேடர் இருவருள் கண்டன் புலியால் மாண்டான் எனவும், வில்லி கனவிற் பெற்ற ஆணையின்படி வடபத்திரசாயிக்குக் கோயிலும் ஊரும் அமைத்தான் எனவும் தலபுராணம் கூறும். ஊருக்கே ஒரு மூதாதையைத் தந்த கதை இது. அவ்வூரிலேயே துளசி வனத்தில் கண்டெடுக்கப்பட்டவர் ஆண்டாள். பெற்றோர் அறியப்படாத அவருக்குக் குருபரம்பரை நூல்கள் பூமிதேவியின் அவதாரம் என்னும் வழியை அமைத்தன. அவரோ தம் பாடல்களின் முத்திரை அடிகளில் தம்மைப் பட்டர்பிரானின் கோதை என்றே சொல்லிக்கொள்கின்றார். தமக்கு அவர் உரைத்த குடிவழி வளர்த்த தந்தையின் பெயரோடு நின்றுவிடுகின்றது. இக்காலத்தார் குருதியொன்றையே குடிவழி எனக் கொள்ளுதற்கு இது நல்ல மறுப்பாகும் என்பது எம் கருத்து.

இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டு கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509–1529) தெலுங்கில் ஆமுக்தமால்யதா இயற்றினார். நூலின் தொடக்கத்திலேயே வில்லிபுத்தூரின் வருணனை அமைந்துள்ளது. தெலுங்குக் குடிகள் பாண்டிய நாட்டில் வேரூன்றுதற்கு முன்னரே, பாண்டிய நாட்டு ஊர் ஒன்று தெலுங்குக் காப்பியத்தில் இடம்பெற்றுவிட்டது. அந்நூல் அரசரின் குடியைத் திங்களிலிருந்து தொடங்கி உரைக்கின்றது. அம்மரபுப் பகுதியில் அவைப்புலவர் பெத்தனாவின் மனுசரித்திரத்துப் பாடல்களும் எடுத்தாளப்பட்டுள்ளன. பேரரசரும் தம் முன்னோரைப் பிறர் வாய்மொழியாலேயே அறிமுகம் செய்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.

இத்தகைய வழிமுறைகளைப் பொய் எனத் தள்ளுதல் எளிது. ஆயினும் அவை யாரிடம், எதன்பொருட்டு உரைக்கப்பட்டன என வினவுதலே பயன்தருவது. பாரிமகளிரை மணந்துகொள்ள வேண்டி இருங்கோவேளிடம் சென்ற கபிலர், அவன் குடி வடபுல முனிவன் வேள்விக் குண்டத்தில் தோன்றி நாற்பத்தொன்பது தலைமுறை வந்தது எனப் புகழ்ந்தார் (புறம். 201). வேள் மறுத்தான். அடுத்த பாட்டில் அதே குடியின் முன்னோன் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்தமையால் அரையம் அழிந்த கதையைக் கபிலர் எடுத்துரைத்தார். வேண்டும்போது பெருமையாக நின்ற குடிவழி, மறுக்கப்பட்டபோது எச்சரிக்கையாயிற்று. எட்டாம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டிலோ குடிவழி ஒரு வழக்கின் ஆவணமாகவே நிற்கின்றது. முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோர்க்கு அளித்த ஊரைக் களப்பிரர் கவர்ந்தனர் என முறையிட்டவனிடம் பாண்டியன் பழமைக்குச் சான்று கேட்டான், அவன் காட்டினான், ஊர் மீண்டது. காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் தொகுத்த பாளையக்காரர் வமிசாவளிகளையும் இந்நோக்கில் படித்தல் வேண்டும். பாளையங்களின் உரிமையைக் கும்பெனியார் வரையறுத்த காலத்தை ஒட்டி அவை திரட்டப்பட்டன. தம் முன்னோன் விசுவநாத நாயக்கரிடம் பாளையம் பெற்றான் என்னும் கூற்றில், புதிய ஆட்சியார் அதனைப் பறித்தலாகாது என்னும் வேண்டுகோளும் அடங்கியுள்ளது.

வாய்மொழிச் செய்திக்கும் இவ்வளவே அளவுகோல். எம் பாட்டியார், எங்கள் குடி ஏழு தலைமுறைக்கு முன் வடக்கிலிருந்து வந்தது என்பார். அவர்க்கு அதனைக் கூறிய மாமியாரும் ஏழு என்றே கூறினாராம். இடையில் இரண்டு தலைமுறை பிறந்தும் அவ்வெண் வளரவில்லை! இளமையில் யாம் அதனை நம்பி, தலைமுறைக்கு முப்பது ஆண்டெனக் கணக்கிட்டு, வந்த ஆண்டையும் குறித்து வைத்தோம். ஏழு என்பது இவ்விடத்து எண்ணன்று, 'மிகப் பழைய' என்னும் பொருளுடைய சொல் என்பது பின்னரே விளங்கிற்று. ஆனால் எண் பிழையாயினும் திசை பிழையன்று. வீட்டில் வழங்கிய தெலுங்கு உறவுச்சொற்களே அதற்குச் சான்று.

ஆவணங்களை நாடுவோர்க்கு நிலக்கிரயப் பத்திரங்கள் பெரிதும் துணைபுரியும். இன்னார் குமாரர் இன்னார் என ஒவ்வொன்றும் இரு தலைமுறை உரைத்தலின், ஒரே நிலத்தின் பத்திரங்களைக் கால வரிசையில் அடுக்கினால் மகன் தந்தையாகி நிற்பதைக் காணலாம். பெண்மக்கள் பெயர் அருகியே வரும். அவர்தம் வழியை அறியச் சீர்வரிசை, தத்தெடுப்பு, பாகப்பிரிவினை ஆகிய பத்திரங்களைத் தேடுதல் வேண்டும். தேடும் இடத்திலும் கருத்து வேண்டும். இராசபாளையத்தை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தது. அவ்வாண்டில் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்னோரைத் தேடுவார், முதற்கண் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளையே புரட்டுதல் வேண்டும்.