வியாழக்கிழமைக் கேள்விகள்

பிரிட்டன் நாடாளுமன்றம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது புதன்கிழமை மதியம் நடக்கிற பிரதமர் கேள்வி நேரம்தான். அரை மணி நேரம் கூச்சல், கிண்டல். அப்புறம் யார் ஜெயிச்சாங்கன்னு ஒரு அலசல். எனக்கு அதைவிட மறுநாள் காலையில் நடக்கிறதுதான் சுவாரசியம்.

வியாழக்கிழமைகளில் மக்களவையின் அவை முன்னவர் எழுந்து, அடுத்த வாரம் என்னைக்கு எந்த மசோதா, எந்த விவாதம் என்று வாசிப்பார். (இவர் சபாநாயகர் இல்லை. அவையில் அரசின் அலுவல்களை ஒழுங்குபடுத்துகிற அமைச்சர்.) முறைப்படி உறுப்பினர்கள் கேட்க வேண்டியது அந்தப் பட்டியலைப் பற்றி மட்டும்தான். ஆனா நடக்கிறதே வேற.

"இதைப் பற்றி ஒரு விவாதம் நடத்த முடியுமா?" என்ற ஒரு வரியை ஒட்ட வைத்துவிட்டால் போதும், எதையும் உள்ளே கொண்டு வந்துவிடலாம். மூடப்போகிற தபால் நிலையம், பல் டாக்டர் கிடைக்காத ஊர், நின்றுபோன பஸ், உள்ளூர் கால்பந்து அணிக்கு ஒரு வாழ்த்து. முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. எழுந்து நின்று சபாநாயகர் கண்ணில் பட்டால் சரி. மற்ற அமைச்சர்களிடம் கேட்பது இவ்வளவு சுலபமில்லை. ஒவ்வொரு துறைக்கும் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் முறை வரும். அதிலும் யார் கேட்பது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். பின்வரிசை உறுப்பினருக்கு வியாழக்கிழமைதான் கதி.

பதில் சொல்பவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தபால் நிலையமும் அவர் கையில் இல்லை, பஸ்ஸும் இல்லை. அதனால் ஒன்று, சம்பந்தப்பட்ட அமைச்சரிடம் சொல்கிறேன் என்பார். இல்லாவிட்டால், 2010-ல் உருவான பின்வரிசை உறுப்பினர் அலுவல் குழுவிடம் விவாதத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வார். இதெல்லாம் வெறும் சடங்குதானேன்னு கேட்கலாம். பாதி உண்மைதான். ஆனா சொன்னது அவைக்குறிப்பில் ஏறிவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் உறுப்பினர் மறுபடி எழுந்து அதையே கேட்கலாம். சலிக்காமல் கேட்கிறவருக்குத்தான் இந்த நேரம் உதவும்.

டேவிட் அமெஸ் அப்படி ஒருத்தர். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், 1983 முதல் எம்.பி. எந்த விஷயத்தைப் பேச எழுந்தாலும் கடைசியில் தன் ஊர் சவுத்எண்டுக்கு வந்துவிடுவார்: டவுனாக இருக்கிற அதை 'சிட்டி' ஆக்க வேண்டும். அந்த அந்தஸ்தால் கூடுதல் நிதியோ அதிகாரமோ கிடையாது, பெருமை மட்டும்தான். அவர் வாயைத் திறந்தாலே அடுத்து என்ன வரும் என்று அவைக்குத் தெரியும். சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சொந்தக் கட்சியே ஆட்சியில் இருந்தபோதும் வருஷக்கணக்கில் கேட்டார், கிடைக்கவில்லை.

2021 அக்டோபர் 15 அன்று, தொகுதி மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்த இடத்தில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து இரங்கல் தெரிவிக்க அவை கூடியது. சவுத்எண்டை சிட்டியாக்க அரசி ஒப்புக்கொண்டதாகப் பிரதமர் போரிஸ் ஜான்சன் அறிவித்தார். கேள்விகள் ஜெயித்தன என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊருக்கு அது கிடைக்க ஒரு மரணம் தேவைப்பட்டது. ஆனா அந்தக் கோரிக்கை என்ன, யாருடையது என்று அன்றைக்கு அவையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2022 மார்ச் 1 அன்று இளவரசர் சார்லஸ் நேரில் வந்து அதற்கான பட்டயத்தை ஊரிடம் கொடுத்தார்.