தேர்ச்சி உண்டு, பட்டம் இல்லை!

உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் பட்டியல் எப்போது வெளியானாலும், கேம்பிரிட்ஜின் பெயர் அதன் முன்வரிசையில் இருக்கும். நியூட்டனும் டார்வினும் பயின்ற இடம் அது. நமது கணித மேதை இராமாநுஜன் ஆய்வு செய்த இடமும் அதுவே. 1209-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பல்கலைக்கழகம், 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை என்பது பலரும் அறியாத செய்தி.

அங்கே பெண்கள் படிக்கவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எமிலி டேவிஸும் அவருடைய தோழியரும் 1869-இல் ஹிட்சின் என்ற ஊரில் ஐந்து மாணவியருடன் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். அது 1873-இல் கேம்பிரிட்ஜ் அருகே இடம்பெயர்ந்து, கிர்டன் கல்லூரி எனப் பெயர் பெற்றது. நியூன்ஹாம் கல்லூரிக்கு 1871-இல் வித்திடப்பட்டது. ஆண்கள் எழுதும் அதே இறுதித் தேர்வை எழுதும் உரிமை 1881-இல் பெண்களுக்கு முறைப்படி கிடைத்தது. தேறியவர்களின் பெயர்கள் தனிப் பட்டியலாக வெளியாயின. பட்டம் மட்டும் மறுக்கப்பட்டது.

கணித இறுதித் தேர்வில் முதலிடம் பெறுபவரை 'சீனியர் ராங்ளர்' என்பர். இங்கிலாந்தில் அறிவுத்திறனின் உச்சமாக அது கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1890-இல் நியூன்ஹாம் மாணவி பிலிப்பா ஃபாசெட், ஆண்களில் முதல்வராக வந்தவரையும் விஞ்சினார். 'சீனியர் ராங்ளருக்கு மேல்' என்றே அவரது நிலை அறிவிக்கப்பட்டது. ஆயினும், அச்சிறப்புப் பெயரும் பட்டமும் அடுத்த இடத்தில் இருந்த ஆணுக்கே சென்றன.

பெண்ணின் மூளைக்குக் கணிதம் ஒவ்வாது என்ற வாதம் அன்றே வீழ்ந்துவிட்டது. அதன் பின்னும் பட்டத்தை மறுப்பானேன்? அங்கே பட்டம் என்பது கல்விச் சான்று மட்டுமன்று. அன்று முதுகலைப் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகத்தை நெறிப்படுத்திய பேரவையில் வாக்களிக்கும் உரிமையையும் பெற்றார். பெண்ணுக்கு அறிவைப் பகிர்ந்தளிக்க இசைந்தவர்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க மனம் வரவில்லை.

1897-இல் இது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து வாக்களிப்பதற்காகவே பழைய மாணவர்கள் லண்டனிலிருந்து சிறப்பு ரயில்களில் வந்திறங்கினர். ஆதரவாக 660 பேரளவில் வாக்களிக்க, 1,700-க்கும் மேற்பட்டோர் எதிர்த்தனர். மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணின் கொடும்பாவி வீதியின் மேல் தொங்கவிடப்பட்டது. 1921-இல் முழு உரிமை மீண்டும் மறுக்கப்பட்டு, பெயரளவுப் பட்டம் மட்டும் அளிக்கப்பட்டது. அந்த வெற்றியைக் கொண்டாடிய ஆண் மாணவர்கள் நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கல வாயிற்கதவுகளைச் சிதைத்தனர்.

ஆசிரியர் பணிக்குச் செல்ல விரும்பிய பெண்களுக்குப் பட்டம் வெறும் அணிகலன் அன்று, அது வாழ்வாதாரம். அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறியவர்களுக்குத் தன் பட்டத்தை வழங்கும் பழைய வழக்கத்தைக் கொண்டிருந்தது. 1904 முதல் 1907 வரை, எழுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கடல் கடந்து சென்று அங்கே பட்டம் பெற்றுத் திரும்பினர். 'நீராவிக்கப்பல் சீமாட்டிகள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது.

நியூன்ஹாமில் பயின்ற சிசிலியா பெய்ன், இங்கிலாந்தில் ஆய்வுக்கு வழியில்லை என உணர்ந்து அமெரிக்கா சென்றார். விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்பதை 1925-இல் தமது ஆய்வேட்டில் காட்டினார். 1939-இல் தொல்லியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டொரத்தி கேராட், கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர். ஆனால், அவர் பதவியேற்றபோது அப்பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினராகவே இல்லை. வாக்குரிமையும் அவருக்கு இல்லை!

லண்டன் பல்கலைக்கழகம் 1878-லேயே பெண்களைப் பட்டத்துக்கு உரியவர்களாக ஏற்றது. ஆக்ஸ்போர்டு 1920-இல் ஏற்றது. ஆங்கிலேயர் ஆட்சியின் கீழிருந்த கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் 1883-லேயே பட்டம் பெற்றுவிட்டனர். ஆண்ட நாட்டின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம், ஆளப்பட்ட நாட்டின் பல்கலைக்கழகத்தை எட்டிப்பிடிக்க மேலும் 65 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1948-இல் தடை நீங்கியபோது, முதல் பட்டம் மன்னர் ஆறாம் ஜார்ஜின் துணைவி எலிசபெத் அரசிக்கு மதிப்புறு பட்டமாகச் சென்றது. படித்துத் தேறியவர்களோ காத்திருந்தனர். பொன்விழா ஆண்டான 1998-இல், அக்காலத்தில் பயின்ற ஏறத்தாழ 900 மூதாட்டியர் அழைக்கப்பட்டுச் சிறப்பிக்கப்பட்டனர். அதைக் காணாமலே மறைந்தவர்கள் எத்தனையோ பேர்.

அறிவில் சிறந்த நிறுவனம் அறத்திலும் சிறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். ஒரு கல்வி நிறுவனத்தின் பெருமையை அளக்க, அங்கே நுழைய யாருக்கு இடம் உண்டு என்று கேட்பது போதாது. முடிவெடுக்கும் மேசையில் யாருக்கு இருக்கை உண்டு என்றும் கேட்க வேண்டும்.